கிளை நூலகத்தில் ஒரு கோடைக் கைவினைப் பட்டறை: நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு பேரூராட்சியின் கிளை நூலகத்தில், குழந்தைகளுக்கான கலை, கைவினைப் பட்டறை ஒன்று நடந்தது. நூலகத்தின் வாசகர் வட்டத்தைச் சேர்ந்த சிலர் அதை நடத்தினார்கள். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர், கல்லூரி மாணவியர் இருவர், அஞ்சலக ஊழியர் ஒருவர், இவர்களோடு நூலகர். குறிப்பெடுக்கும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டிருந்தது. ஊரின் பெயரும் பங்கேற்றவர்களின் அடையாளங்களும் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன.

ஊரில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். ஆண்களில் பலர் கட்டட வேலைக்கோ வெளியூருக்கோ போகிறவர்கள். பிள்ளைகள் படிக்கும் அரசு நடுநிலைப் பள்ளியில் ஓவியத்துக்கென ஆசிரியர் இல்லை. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணைப்படி, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் படிக்கும் பள்ளிக்குத்தான் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் உண்டு. இந்தப் பள்ளியின் எண்ணிக்கை அந்த வரம்புக்குக் கீழே இருக்கிறது. ஆகவே, இங்கே ஒரு குழந்தை எட்டாம் வகுப்பை முடிக்கும் வரையிலும், அதற்கென்று பயின்ற ஒருவரிடம் கைவேலை கற்க வாய்ப்பே இல்லாமல் போகக்கூடும்.

பணத்தைப் பொறுத்தவரை நிலைமை நெருக்கடியானது. சொத்து வரியோடு சேர்த்து ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் வசூலாகும் நூலக வரி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செல்கிறது. அதிலிருந்து மைதா மாவும் வெந்தயமும் வாங்கியதாக ஒரு கிளை நூலகர் கணக்கு எழுத முடியாது. வாசகர் வட்டத்தார் தங்களுக்குள் சிறு தொகை திரட்டிக்கொண்டு, மீதியைப் பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணத்தில், வண்ணத்தாள், பெவிகால், ஸ்கெட்ச் பேனா, கத்தரிக்கோல் ஆகியவற்றைக் குழந்தைகள் கொண்டுவர வேண்டும் என்று துண்டறிக்கை அச்சிட்டார்கள். நேரம் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை; செவ்வாய், வியாழன், ஞாயிறு என வாரத்தில் மூன்று நாட்கள்.

முதல் வாரத்தில் கண்டவை

முதல் நாள் நூலகத்தின் வாசிப்பு அறை நிரம்பியது. ஓவிய ஆசிரியர் தம் வீட்டிலிருந்து செய்து கொண்டுவந்த காகிதத் தாமரையை மேசையின் நடுவே வைத்தார். இதழ்கள் ஒரே அளவு, மடிப்புகள் கத்தி முனை போல் கூர்மை. யார் பார்த்தாலும் வாங்கிப் போக நினைக்கும் பொருள். குழந்தைகள் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அரைமணி நேரத்துக்குள் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் தாளைத் தூக்கிக்கொண்டு ஆசிரியரிடம் வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள். "சார், இத நீங்களே முடிச்சுக் குடுங்க" என்பதே வரிசையில் நின்ற எல்லோருடைய வேண்டுகோளும். அவரும் கல்லூரி மாணவியரும் சலிக்காமல் முடித்துக் கொடுத்தார்கள்.

நேரம் முடிந்த பிறகு அறையைப் பெருக்கியபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. பெஞ்சுகளுக்கு அடியில் கசக்கிய தாமரைகள் ஏராளமாகக் கிடந்தன. நன்றாக அமைந்த தாமரைகளில் பலவும் மேசையிலேயே விடப்பட்டிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை பெரியவர்கள் முடித்துக் கொடுத்தவை. கசக்கியவற்றின் காரணம் எளிதில் விளங்கியது. விடப்பட்டவற்றைப் பற்றித்தான் அன்று மாலை நீண்ட நேரம் பேசினோம். குழந்தை தான் செய்ததாக நினைக்காத பொருளை வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை என்பது நூலகரின் கருத்து. அன்று முதல், ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் மேசையில் எத்தனை பொருட்கள் விடுபட்டுக் கிடக்கின்றன என்று குறித்துவைக்க முடிவானது. வருகைப் பதிவைக் காட்டிலும் இந்தக் குறிப்பே பின்னர் அதிகம் பயன்பட்டது.

அடுத்த இரண்டு அமர்வுகளில் அன்னப்பறவையும் பூக்கூடையும் வைக்கப்பட்டன. அவற்றுக்கும் இதே கதிதான். வாரக் கடைசியில் கூட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது.

வராத குழந்தைகள்

கூட்டம் குறைந்ததற்கு வெயிலைக் காரணம் சொன்னவர்கள் உண்டு. கத்திரி வெயில் தொடங்கியிருந்த நேரம் என்பதால் அது நம்பும்படியாகவும் இருந்தது. ஆனால் அஞ்சலக ஊழியர் தெருத் தெருவாகப் போகிறவர்; அவர் விசாரித்துக் கொண்டுவந்த காரணங்கள் வேறாக இருந்தன.

பீடி சுற்றும் வீடுகளில், சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்கு இலையும் தூளும் வாங்கிவரத் தாய்மார் காலையில்தான் போகிறார்கள். அந்த நேரத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது வீட்டில் மூத்த பெண் பிள்ளையின் பொறுப்பு. முதல் நாள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெண், அவன் அழுது மற்றவர்களுக்குத் தொந்தரவாகிவிடும் என்று அஞ்சி, அடுத்த அமர்வுக்கு வரவில்லை. இன்னும் சில வீடுகளில் காரணம் துண்டறிக்கையிலேயே இருந்தது. பட்டியலில் கண்ட பொருட்களை வாங்க ஒரு பிள்ளைக்கு நூறு ரூபாய்க்கு மேல் ஆகும்; இரண்டு பிள்ளைகள் இருந்தால் அது பீடி சுற்றும் ஒரு தாயின் ஒரு நாள் கூலியைத் தொட்டுவிடுகிறது. பொருள் இல்லாமல் போய் நிற்பதைவிடப் போகாமல் இருப்பது மேல் என்று அந்த வீடுகள் முடிவு செய்திருந்தன. குறைந்த செலவுப் பட்டறை என்று அறிவித்தவர்கள் கணக்கிட்டது நடத்துபவரின் செலவை மட்டுமே. பங்கேற்பவரின் செலவு எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.

பன்னிரண்டு வயதைத் தாண்டிய பையன்கள் வராததற்குக் காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. காகிதத் தாமரை செய்ய அவர்களுக்கு விருப்பமில்லை.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு நேரத்தைப் பற்றியது. பட்டறை மாலை நான்கு முதல் ஆறு மணிக்கு மாற்றப்பட்டது. தாய்மார் கடைக்குப் போய்த் திரும்பிவிடும் நேரம் அது, வெயிலும் தணிந்திருக்கும். தம்பி தங்கைகளை அழைத்துவரலாம் என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. நூலக வராந்தாவில் பாய் விரித்து, சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கென்று தண்ணீர்த் தட்டும் கரித்துண்டும் வைத்தோம். தண்ணீரைத் தொட்டுச் சிமெண்டுத் தரையில் வரைவதற்குச் செலவு எதுவும் இல்லை. காய்ந்ததும் தரை மறுபடி வெறுமையாகிவிடும். மூன்று வயதுப் பிள்ளைகள் இதில் காட்டிய பொறுமை எதிர்பாராதது.

இரண்டாவதாக, எவரும் எதையும் கொண்டுவரத் தேவையில்லை என்று அறிவித்துவிட்டு, ஒரு பொதுப்பெட்டி வைக்கப்பட்டது. பழைய நாளிதழ், திருமண அழைப்பிதழ், மருந்துக் கடை அட்டைப்பெட்டி, தையற்கடைத் துண்டுத் துணி, தேங்காய்ச் சிரட்டை, பனையோலை ஆகியவை அதில் சேர்ந்தன. முன்பே வண்ணத்தாளும் ஸ்கெட்சும் வாங்கியிருந்தவர்களின் பொருட்களும் அந்தப் பெட்டிக்குள்ளேயே போக வேண்டும் என்றபோது இரண்டு பெற்றோர் முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு அந்தப் பொருட்களைத் திருப்பி எடுத்துச் செல்லும் உரிமை தரப்பட்டது. ஒருவர் எடுத்துச் சென்றார்.

மூன்றாவது முடிவில்தான் கருத்து வேறுபாடு எழுந்தது. மாதிரிப் பொருளை மேசையில் வைக்கக் கூடாது என்றார்கள் கல்லூரி மாணவியர். காட்டிக் கொடுக்காமல் கைவேலை வராது என்றார் ஓவிய ஆசிரியர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பணியாற்றிய அவருடைய சொல்லைத் தள்ளிவிட முடியாது. "நீங்கள் விரும்பியதைச் செய்யுங்கள்" என்று வெறும் தாளைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதும் கற்பித்தல் ஆகாது. நீண்ட பேச்சுக்குப் பிறகு கிடைத்த வழி இது: முடிந்த பொருளைக் காட்டுவதில்லை, கைமுறையை மட்டும் காட்டுவது. இரண்டு மண் துண்டுகள் பிரியாமல் ஒட்டுவது எப்படி, தாளை நேராகக் கிழிப்பது எப்படி, ஓலையை நறுக்கும்போது நரம்பை எந்தப் பக்கம் வைப்பது என்பவற்றை ஆசிரியர் எல்லோரும் பார்க்கச் செய்து காட்டுவார். அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பிரித்தோ பிசைந்தோ விடுவார். பெரியவர்கள் எவரும் குழந்தையின் பொருளில் கைவைக்கக் கூடாது என்பது இதன் தொடர்ச்சி. உதவி கேட்டு வந்தால், தனித் துண்டு ஒன்றில் செய்து காட்டிவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்.

குழந்தைகளின் பாதுகாப்புக்காக மேலும் இரண்டு விதிகள் சேர்ந்தன. எந்நேரமும் பெரியவர்கள் இருவராவது அறையில் இருக்க வேண்டும். படம் எடுத்தால் கைகளையும் பொருட்களையும் மட்டுமே எடுக்க வேண்டும்; முதல் வாரத்தில் ஒரு சிறுமியின் முகம் தெரியும் படம் வாட்ஸ்அப் குழுவில் போனதை அவளுடைய வீட்டார் விரும்பவில்லை.

மண், கூழ், சாயம்

களிமண்ணைக் குளத்தில் நாமே தோண்டிக்கொள்ளலாம் என்ற யோசனை, அதற்கு அனுமதி வேண்டும் என்பதால் கைவிடப்பட்டது. காருகுறிச்சியில் மண்பாண்டம் செய்யும் ஒருவரிடமிருந்து மிதித்துப் பதமாக்கிய மண் ஒரு சாக்கு வாங்கப்பட்டது. இந்தப் பட்டறையின் மொத்தச் செலவில் மிகப் பெரிய இனம் இதுதான். அதன் தகுதியும் முதல் நாளே தெரிந்தது. காற்றுக் குமிழும் கல்லும் நீங்கி, அளவாக மணல் கலந்த மண், பிஞ்சு விரல்களுக்கு இணங்கி வந்தது.

ஆனாலும் முதலில் செய்த மாடுகளில் பல, காயும்போது காலை இழந்தன. ஒட்டுமிடத்தைக் குச்சியால் கீறி, மண் குழம்பைத் தடவி அழுத்தாவிட்டால், உலரும்போது இரு துண்டுகளும் தனித்தனியே சுருங்கி விலகிவிடும். ஆசிரியர் இதைக் காட்டியபோது கவனிக்காத பிள்ளைகள், உடைந்த மாட்டைக் கையில் வைத்துக்கொண்டு மறுமுறை கவனித்தார்கள். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று மொட்டைமாடிக்கு எடுத்துப் போன பொருட்கள் அனைத்தும் வெடித்தன. அதன் பிறகு மண் வேலை வியாழக்கிழமைக்கு ஒதுக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை; பூட்டிய அறையின் நிழலில், ஈரத்துணி மூடியபடி, எவர் கையும் படாமல் பொருட்கள் மெதுவாக உலர்ந்தன. சூளையில் சுடும் வசதி இல்லாததால், தண்ணீர் பட்டால் இவை கரைந்துவிடும் என்று குழந்தைகளுக்கு முன்பே சொல்லப்பட்டது.

காகிதக்கூழ் வேலைக்கு ஆசிரியர் கிடைத்தது தற்செயல். பேத்தியை அழைத்துப் போக வந்த ஒரு ஆச்சி, பசை காய்ச்சுவதைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் தாங்கள் பேப்பர்க் கூடை செய்ததைச் சொன்னார். மறு அமர்வில் அவரே முன்னின்று நடத்தினார். நாளிதழைத் துண்டுகளாகக் கிழித்து இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு ஆட்டி, நீரைப் பிழிந்து உருட்ட வேண்டும். உருட்டியது உள்ளங்கையில் விரிசல் இல்லாமல் நின்றால் பதம் சரி. கிண்ணத்தைக் கவிழ்த்து, மேலே பாலித்தீன் உறையைப் போர்த்தி, கூழை விரல் கனத்துக்கு அப்ப வேண்டும். "ஓரத்துல கனம் வேணும் மக்கா, அங்கதான் பிடிச்சுத் தூக்குவோம்" என்று ஒவ்வொரு கிண்ணமாகத் தட்டிப் பார்த்தபடியே நடந்தார். வெந்தயம் கூழுக்குப் பிசுபிசுப்பைத் தருகிறது. அதன் கசப்பு பூச்சியை அண்டவிடாது என்பது ஆச்சியின் சொல். நாளிதழின் அச்சு மை உணவில் சேரக் கூடாது என்பதால், இந்தக் கூடைகளில் தின்பண்டம் வைக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் தனியே தெரிவிக்கப்பட்டது.

பசை மைதாவில் காய்ச்சியதுதான்: ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு நீர், அடிபிடிக்காமல் கிளறி, கண்ணாடி போல் ஆனதும் இறக்குவது. சுவரொட்டி ஒட்டுபவர்கள் கெடாமல் இருக்கச் சேர்க்கும் மயில்துத்தம் நஞ்சு. ஆகவே அது சேர்க்கப்படவில்லை. அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சுவது என்று வைத்துக்கொண்டோம்.

சாயத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மஞ்சள் கரைசலைத் தாளில் பூசி உலரவைத்து, அதன்மேல் சுண்ணாம்பு நீரால் வரைந்தால் கோடு சிவப்பாகத் தோன்றும். ஆரத்தித் தட்டில் எல்லோரும் கண்ட மாற்றமே இது. ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் கருவிழியைப் புண்ணாக்கிப் பார்வையையே பறித்துவிடக்கூடிய காரம். சுண்ணாம்புப் பாக்கெட்டை அழுத்தி விளையாடிக் கண்ணை இழந்த குழந்தைகளைக் கண் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவருகிறார்கள். எனவே சுண்ணாம்புக்குப் பதிலாகத் துணி சோப்பைக் கரைத்த நீர் பயன்படுத்தப்பட்டது. நிறம் சற்று மங்கலாக வந்தாலும் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சை பட்டால் சிவப்பு கூடும், சோப்பு நீர் பட்டால் பச்சை கலக்கும். இதைக் கண்ட பிறகு ஒரு மணி நேரம் எவரும் எதையும் வரையவில்லை; கைக்குக் கிடைத்த பூவையும் இலையையும் நசுக்கி, எது எதனோடு மாறுகிறது என்று பார்ப்பதிலேயே மூழ்கிவிட்டார்கள். திட்டப்படி அன்று கோலம் வரைந்திருக்க வேண்டும். திட்டத்தை விட்டது சரியான முடிவு என்றே இப்போதும் கருதுகிறேன்.

பீடி வீட்டுப் பிள்ளைகளின் திறமை வெளிப்பட்டது கத்தரிக்கோலில். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அட்டையில் வட்டம் வெட்டியபோது, கத்தரியை ஒரே இடத்தில் நிறுத்தி, இடக்கையால் அட்டையை மட்டும் சுழற்றினாள். வட்டத்தின் ஓரத்தில் ஒரு பிசிறும் இல்லை. அம்மா பீடி இலை வெட்டுவதைப் பார்த்துப் பழகியது என்றாள். மற்றவர்கள் அவளைச் சுற்றி அமர்ந்து கற்றுக்கொண்டார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் முதல் நாளோடு நின்றுபோன பெண் இவள்தான்.

பெரிய பையன்கள் நுங்கு வண்டிக்காக வந்தார்கள். நுங்குக் காலம் என்பதால், கூந்தல், அதாவது நுங்கைத் தோண்டித் தின்றபின் மிஞ்சும் காய்க்கூடு, கடைத்தெருவில் இலவசமாகவே கிடைத்தது. இரண்டு கூந்தல்களைக் குச்சியால் இணைத்து, கவைக்கம்பால் தள்ளும் வண்டி. இதில் நூலகத்தார் சொல்லிக்கொடுக்க எதுவும் இருக்கவில்லை. பையன்களே சின்னவர்களுக்குச் செய்து காட்டினார்கள். அரிவாளைத் தொடும் வேலையை மட்டும் பெரியவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

பள்ளித் திறப்பு தள்ளிப்போனது

வெயிலின் கடுமையால் அந்த ஆண்டுப் பள்ளித் திறப்பு ஜூன் தொடக்கத்திலிருந்து முதலில் 7ஆம் தேதிக்கும், பிறகு 6 முதல் 12ஆம் வகுப்பு வரை ஜூன் 12, அதற்குக் கீழுள்ள வகுப்புகளுக்கு ஜூன் 14 என்றும் தள்ளிவைக்கப்பட்டது. மே மாதத்தோடு முடிய வேண்டிய பட்டறை இதனால் நீண்டது. கையில் பணம் மீதமில்லாத நிலையில் நீட்டிக்க முடிந்ததற்குக் காரணம், அதற்குள் பொருட்கள் அனைத்தும் பொதுப்பெட்டியிலிருந்தும் தெருவிலிருந்தும் வரத் தொடங்கியிருந்ததே. உடைந்த மண் பொருட்களும் தண்ணீரில் ஊறி மறுபடி மண்ணாகிப் பயன்பட்டன.

இறுதி நாளும் பரிசும்

இறுதி நாளில் காட்சி வைத்து, முதல் மூன்று இடங்களுக்குப் பரிசு தரலாம் என்று பேரூராட்சி உறுப்பினர் ஒருவர் முன்வந்தார். மறுப்பது எளிதாக இருக்கவில்லை. அவர் நல்லெண்ணத்தோடு வந்தவர், நூலகத்துக்கு வேண்டியவரும்கூட. ஆனால் பரிசு என்று வந்துவிட்டால், பெரியவர்கள் முடித்துக் கொடுக்கும் பழக்கம் இம்முறை வீட்டிலிருந்து தொடங்கும் என்று ஓவிய ஆசிரியரே கூறினார். முதல் வாரத்தில் மாதிரியை வைக்க வேண்டும் என்று வாதாடியவர் அவர் என்பதால், அவருடைய சொல்லுக்குக் கூடுதல் எடை இருந்தது. உறுப்பினர் வாங்கிய வரைதாள்களும் கிரேயான்களும் பொதுப்பெட்டிக்கு வழங்கப்பட்டன. அவர் கையாலேயே பெட்டியில் வைக்கச் செய்தோம்.

வராந்தாவில் பொருட்கள் பெயர்ச்சீட்டு இன்றி வைக்கப்பட்டு, தங்கள் பொருள் எது என்று குழந்தைகளே பெற்றோருக்குக் காட்டினார்கள். சில பெற்றோருக்கு ஏமாற்றம். இத்தனை நாள் வந்தும் வீட்டுச் சுவரில் மாட்டும்படி ஒன்றும் இல்லையே என்று ஒரு தந்தை வெளிப்படையாகவே கேட்டார். அவருக்குச் சொல்ல எங்களிடம் விளக்கம் இருந்தது. அது அவருக்குத் திருப்தி அளித்ததாகத் தெரியவில்லை.

பின்விளைவுகள்

மேசையில் விடுபட்ட பொருட்களைக் குறித்த ஏட்டில் மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. மாதிரி நீக்கப்பட்ட பிறகு அந்த எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்து, கடைசி அமர்வுகளில் ஒன்றிரண்டு என்ற அளவுக்கு வந்துவிட்டது. உடைந்த மாட்டைக்கூடத் துணியில் பொதிந்து எடுத்துப் போனார்கள். மாதிரியை நீக்கியதோடு நேரமும் பொருட்களும் ஒருசேர மாறியதால், இந்த விளைவு எதனால் வந்தது என்று பிரித்துக் கூற இயலாது. நேர மாற்றத்தால் வருகை கூடியது. ஆனால் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோனதற்குக் காரணம், பெரியவர்கள் கைவைக்காததே என்பது என் துணிபு.

எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த முறை ஒத்துவந்தது என்று சொல்ல முடியாது. ஒன்பது, பத்து வயதை ஒட்டிய சிலர், தாங்கள் செய்தது அசல் போல் இல்லை என்று தாங்களே வருந்தினார்கள். மாதிரி இல்லாதது அவர்களுக்குத் தவிப்பாகவே இருந்தது. அவர்களில் இருவருக்கு ஆசிரியர் தனியே பார்த்து வரையும் பயிற்சி கொடுத்தார்: எதிரே ஒரு செம்பருத்தி, கையில் பென்சில். அந்த வயதில் பார்த்துச் செய்யும் ஆசையைத் தடுப்பதும் நியாயமில்லை. பார்ப்பது இன்னொருவர் முடித்த கைவேலையாக இல்லாமல் பொருளாகவே இருக்கும்படி கவனித்துக்கொண்டோம்.

பள்ளி திறந்த பிறகு ஞாயிறு மாலை அமர்வு மட்டும் தொடர்ந்தது. வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் பெண் பிள்ளைகள். நுங்குக் காலம் முடிந்ததும் பெரிய பையன்கள் நின்றுவிட்டார்கள். ஆச்சி வருகிறார்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

துண்டறிக்கையில் பொருட்பட்டியல் இடம்பெறக் கூடாது. நேரத்தை முடிவு செய்யும் முன் தாய்மாரிடம் கேட்க வேண்டும். நூலகத்துக்குள் அமர்ந்து யோசித்தால் பீடிக் கடையின் நேரம் தெரிய வராது. ஊரில் கைவேலை அறிந்த முதியவர்கள் யார் யார் என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். ஆச்சியைப் போல ஓலை முடைபவர், கூடை பின்னுபவர் சிலர் இருப்பது பட்டறை முடிந்த பிறகே தெரிந்தது. அவர்களை அழைத்தால் ஒரு நாள் வருமானத்தை இழந்துதான் வருவார்கள் என்பதால், மண் வாங்குவது போலவே அவர்களுக்கும் சிறு தொகை ஒதுக்க வேண்டும் என்பது வாசகர் வட்டத்தின் தீர்மானம்.

பெற்றோரை முதல் வாரத்திலேயே ஒருநாள் மாலை உட்கார வைத்து, அவர்களும் மண்ணைப் பிசைந்து பார்க்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கல்லூரி மாணவியர் கூறினார்கள். சுவரில் மாட்ட ஒன்றும் இல்லையே என்ற கேள்வி அப்போது எழாது என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. எழும் என்பது ஓவிய ஆசிரியரின் எதிர்பார்ப்பு. பெரிய பையன்களுக்கு நுங்கு வண்டிக்குப் பிறகு என்ன என்பது இன்னும் முடிவாகவில்லை. மிதிவண்டியின் பழைய டியூபும் மரத்துண்டும் கொண்டு ஏதாவது செய்யலாம் என்று அஞ்சலக ஊழியர் சொல்லியிருக்கிறார். அதற்கு ஆணியும் சுத்தியலும் வேண்டும், அவற்றைப் பூட்டி வைக்க ஓர் அலமாரி வேண்டும் என்று நூலகர் கேட்டிருக்கிறார்.